நிறம் மாறாத தண்ணீர்

நமசிவாயத்தாரின் வெங்காயக் கொட்டிலுக்குள் அன்று பின்னேரம் மூன்று பேர் ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி வாயடைத்துப் போய் நின்றார்கள். குழாய்க்குள் இருந்தது வெறும் தண்ணீர். அதற்குள் பொடியைப் போட்டுக் குலுக்கி, வைத்திருக்கவேண்டிய நேரம் வைத்தும் ஆயிற்று. தண்ணீரில் ஒரு நிறமும் வரவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்த்து மனிதர் இப்படிப் பயந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பயந்த மூன்று பேரையும் முதலில் சொல்லிவிடுகிறேன். கஜீபன் நமசிவாயத்தாரின் மகன். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர்களைத் திருத்துவது அவன் தொழில். றெபேக்கா மெதடிஸ்த தேவாலயத்தடிப் பிள்ளை. இரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, அரசாங்கம் வேலைக்குக் கூப்பிடும் கூப்பிடும் என்று காத்திருக்கிற காலத்தில் ரியூசன் கொடுக்கிறாள். றஜிந்தன் அச்சுவேலிச் சந்தையடியில் ஓட்டோ ஓடுகிறவன். செத்த பற்றறிக்கு உயிர் கொடுப்பதில் விண்ணன்.

ஞாயிறு பின்னேரங்களில் இவர்களுக்கு அந்தக் கொட்டில்தான் ஆய்வுகூடம். ஒரு பக்கக் கூரை வளையில் விதை வெங்காயப் பிடிகள் தொங்கும். மற்றப் பக்கம் வயரும் பல்ப்பும் உடைத்த ரேடியோக்களும் கிடக்கும். எங்கேயோ பிறேசிலிலும் இந்தோனேசியாவிலும் இருக்கிற இவர்களைப் போன்ற ஆட்கள் தாங்கள் செய்ததை இன்ரநெற்றில் படம் போட்டு வைப்பார்கள். அதைப் பார்த்து இவர்கள் செய்வார்கள், செய்ததைத் திரும்ப அவர்களுக்குக் காட்டுவார்கள். தொண்டைமானாற்றில் மீன் பிடிக்கிறவர்களுக்குத் தண்ணீரின் உப்பு அளக்கிற கருவி ஒன்றைப் பழைய ரோர்ச் லைற்றுக்குள் செய்து கொடுத்தார்கள். அது இன்றும் வேலை செய்கிறது. பெயின்ற் வாளியில் ஒரு மழைமானி செய்தார்கள். அதை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 'கொட்டில் விஞ்ஞானிகள்' என்று ஊர் பகிடி பண்ணும். பகிடி பண்ணினாலும் மோட்டர் இறைக்காவிட்டால் ஊர் அங்கேதான் போய் நிற்கும்.

அவர்கள் செய்ததிலேயே பெரிய வேலை, கிணற்றுத் தண்ணீரில் பசளை கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பெட்டி. எங்கள் பக்கம் மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடுகிற யூரியா மழையோடு இறங்கி, கிணற்றுக்குள் நைத்திரேற்று உப்பாக வந்து சேரும். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வளர்ந்தவர்களை உடனே ஒன்றும் செய்யாது. ஆனால் கைக்குழந்தைக்குப் பால்மாவில் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் காற்றைச் சுமக்க மறந்துவிடும். பிள்ளை நீலம் பாரிக்கும். கவனிக்காமல் விட்டால் பிள்ளை இல்லை.

பெட்டி என்பது ஒரு துண்டுக் கறுப்புக் குழாய், அதற்குள் ஒரு பச்சை பல்ப், வெளிச்சத்தை உணர்கிற ஒரு சில்லு, எண் காட்டுகிற சின்னத் திரை. அவ்வளவுதான். தண்ணீரில் பொடியைப் போட்டால் உப்பு இருக்கிற அளவுக்கு றோஸ் நிறம் ஏறும். ஏறின நிறத்தைப் பெட்டி எண்ணாக்கிச் சொல்லும்.

எந்த அளவைக்கும் ஒரு சைபர் வேண்டும் அல்லவா? உப்பே இல்லாத தண்ணீர் ஒன்றை வைத்து, 'இதுதான் சைபர்' என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். இந்த மூவரும் அதற்கு எடுத்த தண்ணீர் நமசிவாயத்தாரின் கிணற்றுத் தண்ணீர். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். சுற்றுவட்டாரமெல்லாம் உப்புக் கரித்துச் சவராகப் போன வருடத்திலும் இளநீர் மாதிரி இருந்த தண்ணீர் அது. கல்யாண வீடென்றாலும் கோயில் அன்னதானம் என்றாலும் அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர்ப் பவுசர் நிரம்பும். அந்தத் தண்ணீரிலும் பொடி போட்டால் றோஸ் நிறம் வரத்தான் செய்தது. 'அது பொடியின் சொந்த நிறம்' என்று நினைத்துக்கொண்டார்கள். ஏனென்றால் அவர்கள் எந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்தாலும் றோஸ் வந்தது. வராத தண்ணீரை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

சில கிணறுகளுக்குப் பெட்டி சைபருக்கும் கீழே காட்டியது. கொழும்புத்துறையில் றெபேக்காவின் பெரியம்மா வீட்டுக் கிணறு அப்படித்தான். சைபருக்குக் கீழே உப்பு இருக்க முடியாது. மூன்று பேரும் பெட்டிக்குள் இருந்த பல்ப்பைத்தான் குறை சொன்னார்கள்.

ஊரில் வீடு வீடாகப் போய் அளந்தார்கள். சைபரை ஒட்டியும் அதற்குக் கீழேயும் வந்த கிணற்றுக் கட்டுகளில் பச்சை ஸ்ரிக்கர் ஒட்டினார்கள். கொஞ்சம் கூட வந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்தால், 'பிள்ளைக்கு மட்டும் நமசிவாயத்தார் வீட்டுத் தண்ணி எடுங்கோ' என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சனம் நம்பியது. எங்கள் பிள்ளைகள் செய்த பெட்டி என்று பெருமைப்பட்டது.

அந்த ஞாயிறு விடியத் தொடங்கின மழை விடவில்லை. பெட்டிக்குப் புதுப் பல்ப் போட்டிருந்தபடியால் சைபரைத் திரும்ப வைக்கவேண்டி இருந்தது. மழையில் நனைந்து கிணற்றடிக்குப் போக றஜிந்தனுக்குப் பஞ்சி. ஓட்டோவில் பற்றறிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர்க் கான் இருந்தது. அதை ஊற்றிப் பொடியைப் போட்டான்.

"பொடி பழுதாப் போச்சுது போலை," என்றான் றஜிந்தன். "கொஞ்சமா எண்டாலும் றோஸ் வரவேணுமே."

"இப்ப தானே பைக்கற் உடைச்சனாங்கள்," என்றான் கஜீபன்.

றெபேக்கா இன்னொரு பைக்கற்றை உடைத்துப் போட்டாள். நிறமில்லை. கூரை ஓரத்தில் ஒழுகின மழைத்தண்ணீரைப் பிடித்துப் போட்டாள். அதிலும் நிறமில்லை. பிறகு மேசையில் இருந்த வீட்டுக் குடிதண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குழாயில் ஊற்றி, அதே பொடியைப் போட்டாள். தண்ணீர் மெல்ல மெல்ல றோஸாகி, பிறகு நல்ல சிவப்பாகியது.

"றெபேக்கா, என்னெண்டு சொல்லு," என்றான் கஜீபன்.

"பொடிக்கு நிறமில்லை."

"என்ன சொல்லுறாய்?"

"பொடிக்குச் சொந்த நிறமே இல்லை, கஜீபன். நாங்கள் நிறம் வராத தண்ணியை ஒருநாளும் காணேல்லை. அதாலை பொடியிலைதான் றோஸ் இருக்கெண்டு நினைச்சிட்டம்."

றஜிந்தன் இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இந்தச் சிவப்பு?"

"அது கஜீபன் வீட்டுக் கிணறு, அண்ணை," என்றாள் றெபேக்கா.

அவள் பற்றறித் தண்ணீரை வைத்துச் சைபரைத் திருத்தினாள். கிணற்றுத் தண்ணீர்க் குழாயைப் பெட்டிக்குள் இறக்கினாள். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட எல்லை ஒன்று இருக்கிறது. திரை காட்டிய எண் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். திரும்பவும் எடுத்தாள், திரும்பவும் அதே எண். றஜிந்தன் வாங்கிலில் குந்திவிட்டான்.

"இதைத்தான் பிள்ளைக்குக் கரைச்சுக் குடுக்கினம்," என்றான் கஜீபன். சொல்லிவிட்டு மழைக்குள் ஓடினான்.

பிள்ளை என்றது அவனுடைய தங்கை நிவேதனாவின் பெண் குழந்தையை. நிவேதனாவின் புருசனுக்கு மன்னாரில் வேலை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள், பெற்ற கையோடு காய்ச்சலில் விழுந்து, பால் வற்றிப்போய், குழந்தைக்குப் போத்தல் பால்தான். இரண்டு நாளாகக் குழந்தையின் உதடு கறுத்துக் கிடந்தது. மழைக் குளிர் என்று தேய்த்துவிட்டார்கள். முந்தின நாள் கிளினிக்கில் காட்டியபோது நெஞ்சில் சளி இல்லை, திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் அன்று முழுக்க ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கஜீபனின் தாய் குணலட்சுமி சன்னிதி முருகனுக்குக் காவடி நேர்ந்திருந்தார்.

கஜீபன் நனைந்தபடி குசினிக்குள் நுழைந்தபோது தாய் குணலட்சுமி அடுப்படியில் நின்று போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நிவேதனா குழந்தையை மடியில் வைத்தபடி கையை நீட்டினாள். கஜீபன் இடையில் புகுந்து போத்தலைப் பறித்தான்.

"உனக்கென்ன விசரே?" என்றார் குணலட்சுமி. "பிள்ளை பசியிலை கிடக்குது."

"இதைக் குடுக்காதேங்கோ. தண்ணி பிழை."

"எந்தத் தண்ணி?"

"எங்கடை கிணத்துத் தண்ணி, அம்மா. அதுதான் பிள்ளைக்கு நீலம். இருதயம் இல்லை. தண்ணிதான்."

நமசிவாயத்தார் விறாந்தையிலிருந்து எழும்பி வந்தார். சாதாரணமாகக் குரல் உயர்த்தாத மனிதர். அவர் சாறத்தை இறுக்கிக் கட்டிய விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"என்ரை கிணத்திலையோ?"

"ஓம் அப்பா."

"நீ தானே தம்பி சைபர் எண்டனி?"

"அது பிழை. நாங்கள் பிழையான தண்ணியை வைச்சு அளந்திட்டம்."

"ஊர் முழுக்கப் பச்சை ஒட்டித் திரிஞ்சனி. குழந்தைப் பிள்ளையளுக்கு எங்கடை கிணத்திலை அள்ளச் சொன்னனி. இப்ப வந்து நஞ்செண்டுறாய். நாளைக்கு வேறை ஒரு பொடி வாங்கிப்போட்டு அதுவும் பிழையெண்டுவாய். உங்களுக்கு இது விளையாட்டே?"

"அப்பா," என்றாள் நிவேதனா. "பிறகு சண்டை பிடியுங்கோ. இஞ்சை பிள்ளையின்ரை நகத்தைப் பாருங்கோ."

எல்லோரும் பார்த்தார்கள். நாவற்பழம் தின்ற விரல் மாதிரி இருந்தது. குழந்தை அழவில்லை. பசித்த குழந்தை அழாமல் கிடந்ததுதான் அவர்களை உலுக்கியது. நமசிவாயத்தார் குடையைத் தேடினார்.

றஜிந்தன் ஓட்டோவைப் படலைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான். பின்னால் நிவேதனாவும் குழந்தையும் குணலட்சுமியும். முன்னால் றஜிந்தனோடு ஒட்டிக்கொண்டு கஜீபன், கையில் குடிதண்ணீர்ப் போத்தலும் அந்தப் பால் போத்தலும். நமசிவாயத்தார் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்.

"நான் வரேல்லை," என்றாள் றெபேக்கா. "ஊரிலை எடுத்த தண்ணியெல்லாம் போத்திலிலை கிடக்குது. எல்லாத்தையும் திரும்ப அளக்கப்போறன். முதல் பக்கத்து வீட்டுத் தர்ஷிகா அக்காட்டைப் போறன். அவவின்ரை மகனும் இந்தத் தண்ணிதான்."

வழி நெடுக வெள்ளம். ஒரு இடத்தில் நிவேதனா, "மூச்சு விடுறாள் தானே அம்மா?" என்று கேட்டாள். "விடுறாள், விடுறாள்," என்றார் குணலட்சுமி. அவர் குழந்தையின் மூக்கடியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். கஜீபன் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, நைத்திரேற்று, மூன்று மடங்கு, பால்மா என்று கொட்டித் தீர்த்தான். டொக்டர் அவன் சொல்வதைக் கேட்டபடியே குழந்தையின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார். ஊசிக்குள் வந்தது சிவப்பு இல்லை. பால் விடாத கோப்பியின் நிறம்.

"தண்ணியை எங்கை குடுத்துச் சோதிச்சனீங்கள்?" என்று கேட்டார் டொக்டர்.

"நாங்கள்தான் அளந்தனாங்கள்."

"எங்கை?"

"வெங்காயக் கொட்டிலுக்கை," என்றான் கஜீபன். இதற்குச் சிரிப்பார் என்று நினைத்தான்.

டொக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு தரம் அந்தப் பாலைக் குடுத்திருந்தால் நீங்கள் இஞ்சை வந்தும் பிரயோசனமில்லை," என்று சொல்லிவிட்டுத் தாதியிடம் ஏதோ மருந்தின் பெயர் சொன்னார். மருந்தும் நீலம். நீலத்துக்கு நீலமே மருந்து என்பதைக் குணலட்சுமியால் நம்ப முடியவில்லை. அது சேலைன் குழாய்க்குள்ளால் இறங்குவதைப் பார்த்தபடி, 'இது சரியான மருந்துதானோ, சரியான மருந்துதானோ' என்று தாதியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆண்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடைபாதை வாங்கிலில் நமசிவாயத்தாரும் மகனும் இருந்தார்கள். றஜிந்தன் பிளேன்ரீயும் பணிசும் வாங்கிவந்து வைத்தான். அவை வைத்தபடியே ஆறின.

"கிணத்தடியிலை ஒரு பாத்தி இருக்குதெல்லே," என்றார் நமசிவாயத்தார்.

"ஓம்."

"அது வீட்டுக்கெண்டு வைச்ச பாத்தி. விக்கிறதில்லை. எங்கடை பிள்ளையள் தின்னிற வெங்காயம் வடிவா இருக்கவேணும் எண்டு அதுக்குத்தான் நான் கூடப் போடுறனான். யூரியாவை அளந்து போடுறதில்லை. கையாலை அள்ளி வீசுறனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் அப்பா போடுறவை."

"எல்லாரையும் ஏன் கதைக்கிறாய்? எல்லாரின்ரை பேத்தியே உள்ளுக்குக் கிடக்குது?"

கஜீபன் ஆறின தேநீரைத் தகப்பன் பக்கம் தள்ளி வைத்தான்.

றெபேக்கா போன் எடுத்தாள். "எண்பது கிணத்திலை முக்கால்வாசி எல்லையைத் தாண்டுது," என்றாள். "பச்சை ஒட்டினதிலையும் கனக்க. ஒண்டு சொல்லவேணும் கஜீபன். படிக்கேக்கை கம்பஸிலை ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடிச்ச தண்ணியிலைதான் சைபர் வைச்சனான். இஞ்சை வந்து உங்கடை கிணத்தைக் குடிச்சுப் பாத்திட்டு, இதைவிட நல்ல தண்ணி எங்கை கிடக்குதெண்டு அதை வைச்சிட்டன். நீங்கள் சொன்னாலும் நான் விட்டிருக்கக் கூடாது."

"மூண்டு பேரும்தான் விட்டனாங்கள். தர்ஷிகா அக்காவின்ரை மகன்?"

"அவனுக்கு இன்னும் ஒண்டுமில்லை. ஆனால் அவவும் உங்கடை தண்ணியிலைதான் கரைக்கிறவ. சொல்லிப்போட்டன். கடையிலை போத்தல் தண்ணி வாங்க ஆள் அனுப்பியாச்சு. பிள்ளை எப்பிடி?"

"தெரியாது," என்றான் கஜீபன். "ஒருத்தரும் வெளியிலை வரேல்லை."

பிறகு நிவேதனா வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து நமசிவாயத்தார் வாங்கிலை விட்டு எழும்ப, தேநீர்க் கோப்பை தட்டுப்பட்டு விழுந்தது. "சிவந்திட்டாள் அப்பா," என்றாள் நிவேதனா. "அழுறாள். கேக்குதே? அழுறாள்." அந்த அழுகைச் சத்தம் நடைபாதை வரைக்கும் வந்தது. நமசிவாயத்தார் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தார். றஜிந்தன் மூலையில் போய்க் கண்ணைத் துடைத்தான்.

அடுத்த நாள் காலமை குணலட்சுமியும் கஜீபனும் வீட்டுக்கு வந்தார்கள். நிவேதனாவுக்கு மாற்றுடுப்பும் சாப்பாடும் கொண்டுபோகவேண்டும். மழை விட்டிருந்தது. தோட்டத்துக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. அது இறங்கி எங்கே போகும் என்று இப்போது கஜீபனுக்குத் தெரியும். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை.

கடையில் வாங்கின போத்தல் தண்ணீரில் குணலட்சுமி மாக் குழைத்துப் புட்டு அவித்தார். கத்தரிக்காயை வெட்டிச் சட்டியில் போட்டார். கை வேலை செய்தது, மனம் அங்கே இல்லை. உப்பை இரண்டு தரம் போட்டார். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்ற மகனிடம் வந்தார்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். உள்ளதைச் சொல்லு."

"கேளுங்கோ."

"நான் பச்சைத் தண்ணி குடுக்கேல்லை ராசா. ஒருநாளும் குடுக்கேல்லை. உவள் நிவேதனா ஒரு கொதி போதும் எண்டுதான் சொன்னவள். எனக்கு மனம் கேக்கேல்லை. கசாயம் காய்ச்சிற மாதிரி, பானையிலை வைச்சு, பாதியா வத்தும் வரைக்கும் காய்ச்சித்தான் கரைச்சனான். அப்பிடிச் செய்தபடியாலை தானே பிள்ளை இவ்வளவாவது தாக்குப்பிடிச்சது?"

கஜீபன் தாயைப் பார்த்தான். இரண்டு நாள் நித்திரை இல்லாமல் கண் உள்ளே போய்விட்டது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சுகிற தண்ணீருக்குள் உப்பு நெருங்கும். பாதியாக வற்றினால் இரண்டு மடங்கு. பெட்டி காட்டிய மூன்று மடங்கு, பிள்ளையின் போத்தலுக்குள் போகும்போது ஆறு மடங்கு. நேற்று ஊசிக்குள் வந்த இரத்தம் அவ்வளவு கறுத்திருந்தது ஏன் என்று அவனுக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. தாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"ஓம் அம்மா," என்றான். "காய்ச்சினது நல்லதுதான்."

பொய் சொன்னான் என்று நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். குணலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அழுது முடித்து, ஒரு பிடி புட்டை எடுத்து வாயில் போட்டார். முந்தின நாளுக்குப் பிறகு அவர் தின்ற முதல் வாய் அது.

கஜீபன் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். தங்கள் கிணற்றுக் கட்டில் தானே ஒட்டின பச்சை ஸ்ரிக்கரைச் சுரண்டத் தொடங்கினான். நல்ல பசை. மழைக்கும் அசையவில்லை. பாதி சுரண்டுவதற்குள் வேலியடியில் கதை கேட்டது. பக்கத்து வீட்டுத் தர்ஷிகா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் குணலட்சுமி.

"பிள்ளைக்கு எப்பிடி மாமி?"

"தெய்வம் காப்பாத்திப்போட்டுது. சிவந்திட்டாள். நாளைக்கு வீட்டை விடுவினம் எண்டு சொல்லுகினம்."

"நேற்று றெபேக்கா வந்து சொன்ன நேரம் துவக்கம் எனக்குக் காலும் கையும் ஓடேல்லை. கடைப் போத்தல் தண்ணியும் முடிஞ்சுது மாமி. விடியச் சனம் முழுக்க வந்து அள்ளிக்கொண்டு போட்டுது. இவன் இப்ப எழும்பிப் பாலுக்கு அழுறான். நான் என்ன செய்யிறது?"

"ஏன் பயப்பிடுறாய்? நல்லாக் காய்ச்சிக் குடு பிள்ளை. பாதியா வத்தக் காய்ச்சு. கஜீபன் இப்பதான் சொன்னவன், காய்ச்சினது நல்லதெண்டு. நானும் அப்பிடிச் செய்தபடியாலைதான் எங்கடை பிள்ளை தப்பினது."

"மெய்யே? அப்ப நான் அடுப்பிலை வைக்கிறன். அங்காலை கிறிஸ்ரி வீட்டிலையும் கைக்குழந்தை. அவையளுக்கும் சொல்லிவிடுறன்."

கஜீபனுடைய கையிலிருந்த கத்தி நின்றது. அவன் சொல்லி இன்னும் புட்டு ஆறவில்லை. அந்த ஒரு சொல் அதற்குள் வேலியைத் தாண்டி, இன்னொரு வீட்டு அடுப்புக்கும் போகப் புறப்பட்டுவிட்டது. முந்தியும் இப்படித்தான். சோதித்துப் பாராமல் ஒன்றைச் சொன்னார்கள், சனம் அதை அப்படியே நம்பிப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தது.

"தர்ஷிகா அக்கா, நில்லுங்கோ," என்றபடி வேலியடிக்கு வந்தான். "காய்ச்ச வேண்டாம்."

"ஏன் தம்பி?"

"காய்ச்சினால் தண்ணிதான் வத்தும். உப்பு வத்தாது. பாதியா வத்தினால் நஞ்சு ரெண்டு மடங்கு. பிள்ளைக்கு அதைக் குடுக்கக் கூடாது. றஜிந்தனை இப்பவே கொழும்புத்துறைக்கு அனுப்புறன். றெபேக்காவின்ரை பெரியம்மா வீட்டுத் தண்ணி நல்லம். நேற்றுத் திரும்ப அளந்தது. அது வரும் வரைக்கும் எங்கடை வீட்டிலை ஒரு போத்தல் கிடக்குது. தாறன்."

தர்ஷிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குணலட்சுமி மெல்லத் திரும்பினார்.

"இப்ப தானே தம்பி நல்லதெண்டனி."

"பொய் சொன்னனான், அம்மா."

குணலட்சுமி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டார். அவர் விழுந்துவிடுவார் என்று கஜீபன் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"ரெண்டு மடங்கோ?" என்றார்.

"ஓம்."

"நான் காய்ச்சினதாலையோ?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். தர்ஷிகா மகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். குணலட்சுமி தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் தண்ணீர் வார்க்கக் கூப்பிடுகிற கை அது. கஜீபன், அம்மா, அம்மா என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு தர்ஷிகாவைப் பார்த்தார்.

"கேட்டனி தானே பிள்ளை," என்றார். "காய்ச்சாதை. நான் அப்பிடிக் காய்ச்சித்தான் என்ரை பேத்திக்குக் குடுத்தனான். நான்தான் குடுத்தனான்."

சொல்லிவிட்டு, காலில் செருப்பும் இல்லாமல், படலையைத் திறந்துகொண்டு வெள்ளத்துக்குள் இறங்கினார். கஜீபன் பின்னால் ஓடிவந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். கிறிஸ்ரி வீட்டுப் படலையைத் தட்டினார். "பிள்ளையள், ஒருக்கா வெளியிலை வாங்கோ. நான் ஒண்டு சொல்லவேணும்," என்று அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.